இல்லாத பசி

மோனிகா ராயிமின் முன்பல் போனது பிஸ்கட்டை எரித்த அன்றுதான்.

மலைநாட்டு ஊரான மவுண்ட் ஹேகனில், கடலோர லாயே நகரத்து பிஸ்கட் தொழிற்சாலைக்கு ஒரு கிடங்கு இருந்தது. மோனிகா அதன் பொறுப்பாளர். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு குலங்கள் சமாதான விருந்து வைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பன்றிக்கறியோடு கெட்டி பிஸ்கட்டும் பெட்டி பெட்டியாகப் போகும் என்று நம்பி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வரவழைத்தாள். விருந்து நெருங்கியபோது அதே குலங்கள் மறுபடி வெட்டிக்கொண்டன. விருந்து நின்றது, சரக்கும் நின்றது. கூரை ஒழுகி, வண்டு பிடித்து, தேதியும் கடந்த பிறகு எல்லாவற்றையும் குழியில் போட்டுக் கொளுத்தச் சொல்லி லாயேயிலிருந்து உத்தரவு வந்தது.

புகையைப் பார்த்து ஊரே திரண்டது.

"சாப்பாட்டக் கொளுத்துறா பாருடா! நாங்க சர்க்கரைவள்ளிய சுட்டுத் தின்னுட்டுக் கெடக்கோம், இவ பிஸ்கட்டச் சுடுறா!"

"வண்டு விழுந்ததுய்யா. தின்னா வயித்தால போவும்."

"போனா எங்க வயிறுதான போவுது? ஒனக்கென்ன?"

முதல் கல் அவள் வாயில் வந்து விழுந்தது. ரத்தத்தோடு பல்லைத் துப்பிவிட்டு, குழியிலிருந்து எரிகிற கட்டையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். எதிரே நின்றவனின் தாடி பொசுங்கியது. இன்னொருவன் மூக்கில் கட்டை இறங்கியது. கூட்டம் சிதறி ஓடியது. அவள் சுபாவம் அது. ஐந்து அண்ணன் தம்பிகளோடு அடித்துப் பிடித்து வளர்ந்தவள். அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்து பழக்கமில்லை. தொழிற்சாலை அவளை வேலைக்கு எடுத்ததே கிடங்கு வாசலில் நிற்க அப்படி ஓர் ஆள் வேண்டும் என்றுதான்.

லாயேயில் சரக்கு அனுப்பும் பிரிவின் தலைவர் கெடிசா போனில் கத்தினார். "ஒன் பேச்சக் கேட்டு அனுப்புனேன் பாரு, என்னச் சொல்லணும். இனிமே நீ கேக்குறதுல பாதிதான் வரும்."

"வித்தா நான் கெட்டிக்காரி, விக்கலேன்னா நான் திருடியா சார்?" என்று அவளும் கத்தினாள். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கையைச் சுருக்கியே சரக்குக் கேட்டாள்.

அப்படிச் சுருக்கிய வருடத்தில்தான் தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் ஊருக்கு ஊர் கொட்டகை போட்டுக் கும்பல் கும்பலாக ஆட்களுக்குத் தீனி போட்டார்கள். அதே நேரம் மழையில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று சாய்ந்தது. லாயே லாரிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றன. கடைகளில் பிஸ்கட் காலியானது. 'இனிமே வராதாம்' என்று எவனோ சொன்னது போதும், பத்துப் பெட்டி விற்கிற கடைக்காரன் முப்பது கேட்டான். கொடுத்ததோ ஐந்து. அடுத்த முறை அவன் அறுபது கேட்டான்.

அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் பொய் என்று மோனிகாவுக்குத் தெரியும். எது பொய், எது நிஜம் என்று பிரிக்கத்தான் தெரியவில்லை. வந்ததை அப்படியே லாயேக்குச் சொன்னாள். கெடிசா சிரித்தார். "போன வருஷம் கொளுத்துன. இந்த வருஷம் மலையளவு கேக்குற. மறுபடி கொளுத்தவா?" பாலம் சரியானதும் அனுப்பவேண்டிய சரக்கில் சொன்னபடியே பாதியை வெட்டினார்.

ஹேகனிலேயே பெரிய கடை புண்டியாவுடையது. மெண்டி ஊர்ப் பக்கத்து ஆள், வேறு குலம். பாக்குக் கறை படிந்த வாயோடு ஒருநாள் கிடங்கு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உள்ள இருக்குறத மொத்தமாக் குடு."

"மத்தவன்லாம் மண்ணத் திங்கணுமா?"

"மத்தவனப் பத்தி ஏன் கவலப்படுற? ஒங்க குலத்துக்காரனுக்கு மட்டும் பதுக்கி வச்சிருக்கியாமே. ஊரே பேசுது."

"ஊருக்கு வாயி இருக்கு, பேசும். கெளம்பு."

"ஒன் தம்பிதான லாரி ஓட்டுறான்? ரோடு சரியில்லக்கா, பாத்து வரச் சொல்லு." சொல்லிவிட்டுச் சிவப்பாகத் துப்பிவிட்டுப் போனான்.

பாலத்தைத் தற்காலிகமாகச் சரிசெய்ததும் முதல் லாரியை ஓட்டி வந்தது அவள் கடைசித் தம்பி கேவாதான். கணவாய் ஏற்றத்தில் வண்டி ஊர்ந்தபோது மரத்தைக் குறுக்கே தள்ளி மறித்தார்கள். கேவா கதவைப் பூட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். கண்ணாடியை உடைத்து அவனை வெளியே இழுத்து, தலையில் கோடாலியால் வெட்டினார்கள். பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஓடியவர்களில் பெண்களும் கிழவர்களும் இருந்தார்கள். கடைசியில் வந்து எதுவும் கிடைக்காதவர்கள் லாரிக்குத் தீ வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கேவாவின் தலைக்கட்டு நனைந்து நனைந்து கறுத்துக்கொண்டே வந்தது. "அக்கா, சரக்கு போச்சு" என்றான்.

"சரக்கு கெடக்குது மூதேவி. நீ கண்ணத் தொற."

அவன் திறக்கவில்லை.

ராயிம் வீட்டு ஆட்கள் துக்கத்துக்கு முகத்தில் சேறு பூசிக்கொண்டு கிடங்கு முற்றத்தில் கூடினார்கள். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புண்டியா சொல்லிவிட்டுப் போனது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. மூத்த அண்ணன் பேச வாயெடுக்கும் முன் மோனிகா சுவரில் மாட்டியிருந்த வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கடைத்தெரு வழியே, நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க.

புண்டியாவின் கடை அலமாரி வெறுமையாக இருந்தது. பின்கட்டுக் கதவை உதைத்துத் திறந்தாள். உள்ளே தரையிலிருந்து கூரை வரை பிஸ்கட். பாலம் விழுந்த நாள் முதல் அவள் பங்கு போட்டுப் போட்டுக் கொடுத்த பெட்டிகள், கட்டுக்கூடப் பிரிக்காமல் இருந்தன. ஊரெல்லாம் பசி என்று அவள் கணக்கிட்டு லாயேயோடு சண்டை போட்டது இந்த அறைக்காகத்தான்.

"இதுக்கா என் தம்பி செத்தான்?"

"அக்கா, நான் அனுப்பல. சத்தியமா நான் ஆள் அனுப்பல…"

கத்தி அவன் வலது தோளில் எலும்புவரை இறங்கியது. பெட்டிகள் மேல் விழுந்து, அவற்றோடு சேர்ந்து சரிந்தான். அவள் மறுபடி ஓங்கினாள்.

"பயந்துட்டேன்கா!" என்று அலறினான். "நீ இனிமே தரவே மாட்டேன்னு பயந்துதான் சேத்தேன். விக்கவும் மனசு வரல. பயம்கா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரக்கத்தால் அல்ல. அந்தப் பயம் அவளுக்குத் தெரிந்த பயம். பிஸ்கட்டைக் கொளுத்திய பிறகு அவள் கையைச் சுருக்கியதும் அதே பயத்தால்தான். கத்தியை எறிந்துவிட்டுத் தன் சட்டைக் கையைக் கிழித்து அவன் தோளைக் கட்டினாள். போலீஸ் வரும்வரை அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள்.

கேவாவை வெட்டியவர்கள் பிறகு பிடிபட்டார்கள். கணவாய் ஏற்றத்தில் வரும் எந்த வண்டியையும் மறிக்கிறவர்கள். புண்டியாவின் பேரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

மோனிகாவை பைசூ சிறையில் அடைத்தார்கள். வெளியே அவள் அண்ணன்கள் பன்றிகளை ஓட்டிப்போய், புண்டியாவை வெட்டியதற்கு ஈடாக மெண்டிக்காரர்களிடம் கொடுத்துப் பகையைத் தீர்த்தார்கள். கெடிசா ஒருமுறை சிறைக்கு வந்தார். நெடுநேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பாதியா வெட்டாம அனுப்பியிருந்தா…"

"மொத்தமா அனுப்பியிருந்தா அதுவும் அவன் பின்கட்டுலதான் போயி ஒக்காந்திருக்கும் சார். கடக்காரன் கேக்குறத நம்பிக் கெட்டோம். திங்குறவன் எவ்வளவு வாங்குறான்னு ஒருத்தரும் போயிப் பாக்கல. நானும் பாக்கல."

"நீ வெளிய வந்து பாக்குறியா?"

"என்ன நம்பி எவன் கடைக்குள்ள விடுவான்?"

ஆனாலும் விட்டார்கள். விடுதலையான பிறகு அதுவே அவள் வேலையாயிற்று. கிடங்குச் சாவியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். மோனிகா கடை கடையாக ஏறி, அலமாரியில் எவ்வளவு குறைந்திருக்கிறது, பின்கட்டில் எவ்வளவு தூங்குகிறது என்று பார்த்து லாயேக்குச் சொன்னாள். தொழிற்சாலையும் கடைக்காரர்களின் வாயை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தே சரக்கு அனுப்பியது. சில மாதம் சரியாக வந்தது, சில மாதம் பிசகியது.

ஒரு கடைக்கு மட்டும் நெடுநாள் போகாமல் இருந்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் போனாள். புண்டியா இடது கையால் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். வலது கை சட்டைக்குள் துணிபோலத் தொங்கியது. கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"பின்கட்டப் பாக்கணும்" என்றாள்.

அவன் அவளது இரண்டு கைகளையும் பார்த்தான். "கத்தி கித்தி கொண்டாந்தியா?"

"இல்ல."

கதவைத் திறந்துவிட்டு, அவளை முன்னால் போகச் சொன்னான். அவள் பெட்டிகளைப் பார்த்து முடிக்கும்வரை சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். ஒருமுறைகூட அவளுக்கு முதுகைக் காட்டவில்லை.