முன்மொழிந்தவன் ஃபிலாக்ரோஸ்

ஏதென்ஸ் நகரின் பிரேயஸ் துறைமுகத்தில், எங்கள் தெருவில் கயிறு திரித்தவன் ஃபிலாக்ரோஸ். கரையில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பதில் வரும். அந்தக் குரலுக்காகத்தான் மக்கள் சபையின் பேச்சாளன் கல்லியாதெஸ் அவனைத் தேடி வந்தான்.

"தீர்மானத்தை நான் சொல்லித் தர்றேன் தம்பி. சபையில நீ எந்திரிச்சு முன்மொழி. உழைக்கிறவன் சொன்னாத்தான் ஜனம் கேக்கும்."

தீவிலிருக்கும் நம் கூட்டாளிகளுக்கு உதவியாகக் கப்பல்கள் போகட்டும் என்று ஃபிலாக்ரோஸ் முழங்கினான். கைகள் உயர்ந்தன. தீர்மானத்தைக் கல்லில் வெட்டி, முன்மொழிந்தவன் என்று அவன் பெயரைப் பொறித்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மனைவி அர்கிப்பேயை அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

கப்பல்கள் திரும்பவில்லை. எதிரி எரித்துவிட்டான். எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் ஒப்பாரி. பழிபோட ஊருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சட்டத்துக்குப் புறம்பான தீர்மானம் என்று முன்மொழிந்தவன்மேல் வழக்கு வந்தது.

"பயப்படாத, உனக்காக நானே பேசுறேன்" என்றான் கல்லியாதெஸ்.

வழக்கு மன்றத்தில் பானைத் தண்ணீர் ஒழுகித் தீரும்வரைதான் பேசலாம். ஃபிலாக்ரோஸ் நாலு வார்த்தை பேசிவிட்டு மீதித் தண்ணீரை முழுக்க நண்பனுக்கு விட்டுக்கொடுத்தான்.

கல்லியாதெஸ் மேடையேறினான். "நடுவர்களே, இவன் நல்லவன். ஆனா வெகுளி. வேண்டாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். கேக்கல. கயிறு திரிக்கிறவனுக்குக் கடற்படை எதுக்குன்னு கேட்டேன்."

மன்றமே சிரித்தது. ஃபிலாக்ரோஸ் பேச வாய் திறந்தான். "உன் தண்ணி தீந்துபோச்சுப்பா" என்றான் பானைக்காரன்.

குடியுரிமை பறிபோனது. சபைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் சந்தைக்குள்ளும் அவன் கால் வைக்கக் கூடாது.

சில நாள் கழித்துக் கல்லியாதெஸ் வாசலுக்கு வந்தான். "ரெண்டு பேரும் சேந்து விழுந்திருந்தா உன்னை யாரு தூக்கிவிடுறது? கொஞ்சம் பொறு, உன் உரிமையை மீட்டுத் தர்றேன்."

ஃபிலாக்ரோஸ் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான். அர்கிப்பேதான் கேட்டாள்: "இதை யாரு வந்து முன்மொழியணும்? அதுக்கும் எங்க தெருவுலதான் ஆள் பாக்கறீங்களா?"

கல்லியாதெஸ் போய்விட்டான். அடுத்த ஆண்டு மக்கள் அவனையே தூதனாகத் தேர்ந்தெடுத்தார்கள். நானும்தான் கை தூக்கினேன்; நன்றாகப் பேசினான். ஃபிலாக்ரோஸ் மனைவியோடு அண்டை நகரமான மெகாராவுக்குக் குடிபோனான். அங்கே கயிற்றுக் கொட்டகையில் கூடவே வேலை செய்பவர்கள் அவனை ஊமை என்று நினைத்திருக்கிறார்களாம்.