கட்டிலில் இருந்து தெரியும் வீடு

எங்கள் அப்பா ஆண்டவரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் கருங்கல் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சாயாவாவது குடித்தவர்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எதுக்கு இந்த வீட்டுல இவ்வளவு கண்ணாடி?" அப்பா யாருக்கும் நேரான பதில் சொன்னதில்லை. "சும்மா, ஒரு அழகுக்காக்கும்" என்று சிரித்துவிட்டு, கேட்டவர் கையில் ஒரு அச்சுமுறுக்கை எடுத்து வைத்துவிடுவார். அந்தப் பதிலை எழுதும் கடமை மூத்த மகளாகிய எனக்கு வந்திருக்கிறது. அதை எழுதினால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்து எழுதியாக வேண்டும். எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது பூதப்பாண்டியில், நெல் விவசாயக் குடும்பம் ஒன்றில் நான்காவது பிள்ளையாக. அப்பாவின் தந்தை சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பு பாதியில் நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, வண்டி ஓட்டப் படித்து, படாத பாடெல்லாம் பட்டு, கடைசியில் பேருந்து ஓட்டுநரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் சாலைகளில் ஓட்டினார். துக்கம் நடந்த வீட்டைக் கடக்கும்போது ஹாரன் அடிக்கமாட்டார். ஓடிவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அரை நிமிடம் நிறுத்தி, அதற்காகப் பயணிகளிடம் வசவு வாங்குவார். அம்மா கருங்கல்காரர். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவும் இங்கேயே வந்து, அம்மாவுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் இரண்டு அறையுள்ள வீட்டைக் கட்டினார். "வயக்காட்டுல இருந்து எனக்க மேட்டுக்கு ஏறி வந்த ஆளாக்கும்" என்று அம்மா கேலி செய்வார். நாங்கள் பிறந்த பிறகுதான் ஹாலும் அடுக்களையும் நீண்டன.

ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்த வீடுகளின் மேல் அப்பாவுக்கு ஒரு மயக்கம் உண்டு. பெரிய மாடி வீடுகளை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். சாலையோரத்தில் யாரோ ஒருவர் பழைய டப்பாவில் செடி வைத்து வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தால், அன்று மாலை எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு.

"இன்னைக்கு திங்கள்சந்தை தாண்டி ஒரு வீடு, ஏட்டி. பழைய சேலைய வெட்டி சன்னலுக்குப் போட்டிருக்கா. வெயிலு அதுவழியா மஞ்சளா உள்ள விழுந்து கெடக்கு."

"நீங்க ஆள ஏத்திட்டுப் போறீங்களா, சன்னல் பாக்கப் போறீங்களா? வளைவுல பாத்துப் போங்க" என்பார் அம்மா. ஆனால் அடுத்த வாரம் எங்கள் சன்னலிலும் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று தொங்கும். இருவரும் தரையில் உட்கார்ந்து, அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறுமியாக இருந்த எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. எனக்கு எப்போதும் எதையாவது துடைத்து ஒதுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இடது பக்கம் அசையவில்லை. அதற்குள் நான் கல்யாணமாகி நாகர்கோவிலில் குடியேறியிருந்தேன். தம்பி மஸ்கட்டில் இருந்தான். அம்மாவை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் அந்த அடுக்களையை நடத்திய அம்மா உள்ளறைக் கட்டிலில் படுத்திருக்க, அதுவரை சாயா போடக்கூடத் தெரியாத அப்பா உலை வைக்கப் பழகினார். மரச்சீனிக் கிழங்கை அவிக்கத் தொடங்கிக் குழைத்து, மீன்குழம்பில் புளியை அள்ளிப் போட்டு, மெல்ல மெல்லக் கை தேறினார். அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னாராம்: "வீட்டுக்க உள்ளதான் கெடக்கேன். ஆனா வீடு எனக்குத் தெரியல்ல. பாலு பொங்குதா, துணி காஞ்சுதா, ஆரு படியேறி வாறா, ஒண்ணும் தெரியல்ல."

அதன் பிறகுதான் அப்பா ஆக்கர் கடைக்குப் போகத் தொடங்கினார். பழைய இரும்பும் உடைந்த சாமானும் வாங்கி விற்கும் கடையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கிறிஸ்துமஸுக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும்போது, ஊரே வேண்டாத சாமானை அங்கே கொண்டு தள்ளும். அதுதான் அப்பாவுக்கு அறுவடைக் காலம். தையல் மிஷினின் கால்களைத் தூக்கிவந்து மேலே ஒரு பலகை போட்டு அம்மாவின் மருந்து மேசையாக்கினார். இடிக்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டின் பச்சைக் கண்ணாடித் துண்டைச் சன்னலில் பொருத்தினார். காலையில் அம்மாவின் போர்வைமேல் ஒரு பச்சைச் சதுரம் விழுந்து, மெதுவாக நகர்ந்து தரைக்கு இறங்கும். ஓட்டை விழுந்த பீங்கான் பேசினில் பத்துமணிப்பூ வளர்த்தார். பூ விரிந்தால் பத்து மணி; அம்மாவுக்கு மாத்திரை நேரம். அந்த வீட்டில் கடிகாரம் இருந்தும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

கண்ணாடிகளும் அங்கிருந்துதான் வந்தன. பேருந்தின் பக்கவாட்டில் மாட்டும் நீளக் கண்ணாடி ஒன்று. மூடிப்போன சலூனிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி. முட்டை வடிவத்தில் ஒரு மேசைக் கண்ணாடி. ஒன்றைச் சன்னல் கம்பியில் கட்டினார், ஒன்றை அடுக்களைப் பக்கம் ஆணியடித்தார், ஒன்றை ஹாலில் கோணலாகத் தொங்கவிட்டார். நான் சனிக்கிழமை போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்து எரிச்சல் அடைவேன். முகம் பார்க்கலாம் என்று நின்றால் கூரை தெரியும், இல்லாவிட்டால் சுவர் தெரியும். உறவில் சிலர் 'சலூன் வீடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு உள்ளுக்குள் வேறு பயம் இருந்தது. அப்பாவுக்கு வயதாகிப் புத்தி தடுமாறுகிறதோ என்று நினைத்தேன். கேட்டால் அப்பா சிரிப்பார், அம்மாவும் கூடச் சிரிப்பார். புதிதாகக் கல்யாணமானவர்கள் தங்களுக்குள் எதையோ வைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். தம்பி குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னான். வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று நான் விடுப்பு எடுத்து வந்து, வெள்ளையடிக்க ஆள் வைத்தேன். பெயிண்ட் வாடை ஆகாது என்று அம்மாவைப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் இரண்டு நாள் விட்டோம். இரண்டாம் நாள் அப்பா அம்மாவுக்கு மருந்து வாங்க நாகர்கோவிலுக்குப் போனார். ஆக்கர் கடை வண்டி தெருவில் வந்தது. கண்ணாடி மூன்றையும் கழற்றி நானே ஏற்றிவிட்டேன். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு என்மேலேயே மதிப்புக் கூடியது.

மதியம் சித்தியும் நானும் அம்மாவைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினோம். அம்மா சன்னலைப் பார்த்தார். கதவு வழியாக ஹாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. அப்பா திரும்பிவந்து வாசலில் நின்று வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு மக்கா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று புரிந்தது.

அம்மாதான் அழைத்தார். "ஏட்டி, இஞ்ச வா. எனக்க பக்கத்துல கொஞ்சம் கெடந்து பாரு."

அம்மாவின் தலையணையில் தலையை வைத்துப் படுத்தேன். சுவர் தெரிந்தது, கூரை தெரிந்தது, நிலைக்கதவின் மேல்கட்டை தெரிந்தது.

"வல்லதும் தெரியுதா?"

"இல்லம்மா."

"நேத்துக்கு முந்தின நாள்வரைக்கும் எனக்கு இஞ்ச கெடந்தே அடுப்பு தெரிஞ்சுது. துணி காயப்போடுற கொடி தெரிஞ்சுது. அவரு சந்தைக்குப் போயிட்டுப் படியேறி வாறது தெரிஞ்சுது."

அந்தக் கண்ணாடிகள் நிற்பவர்களுக்காக மாட்டப்படவில்லை. படுத்திருக்கும் ஒருவரின் கண்ணுக்கு அளவெடுத்து, ஒவ்வொன்றையும் சாய்த்துச் சாய்த்து மாட்டியிருக்கிறார் அப்பா. வாழ்நாளெல்லாம் பக்கக் கண்ணாடியில் பார்த்தே வண்டி ஓட்டியவருக்கு அந்தக் கணக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கு ஒரு தடவையாவது அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போதே அப்பாவும் நானும் ஆக்கர் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். "அண்ணே, ஒங்க கண்ணாடின்னு எனக்குத் தெரியாதா? சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கேன். ஆனா நான் சாப்பிடப் போன நேரத்துல, முட்டை மாதிரி உள்ளத பையன் ஆருக்கோ கொடுத்துட்டான்." சலூன் கண்ணாடியின் ஒரு மூலை இறக்கும்போது விரிசல் விட்டிருந்தது. தொலைந்துபோனது தலைவாசலைக் காட்டிய கண்ணாடி. அப்பா படியேறி வருவதை அம்மா பார்த்தது அதில்தான். அப்பா கடையின் குவியலில் வெகுநேரம் தேடினார், கிடைக்கவில்லை. "பரவாயில்ல மக்கா, வேற கிட்டும்" என்றார்.

மறுநாள் நான் நாகர்கோவிலுக்குப் போய், என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த அலங்கார மேசையின் கண்ணாடியைக் கழற்றி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். "ஒனக்கு முகம் பாக்க வேண்டாமா?" என்றார். "எனக்க முகத்த நான் பாத்துப் பாத்து மடுத்து அலுத்துப்போச்சு" என்றேன். அன்றைக்குத்தான் அம்மா மறுபடி சிரித்தார்.

அதை மாட்டியது ஒரு திருவிழா. நான் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அப்பா வாசற்படியில் போய் நின்றார். உள்ளறையிலிருந்து அம்மா கண்டக்டராகிவிட்டார். 'தாத்து' என்றால் நான் இறக்க வேண்டும், 'பொக்கு' என்றால் ஏற்ற வேண்டும்.

"கொஞ்சம் தாத்து... இன்னும் தாத்து... இப்போ இந்தப் பக்கம்... அவருக்க காலுதான் தெரியுது... கொஞ்சம் பொக்கு..." பிறகு, முழுத் தொண்டையில், "ரைட்!"

வாசலில் நின்ற அப்பா கண்ணாடியைப் பார்த்துக் கையை அசைத்தார். உள்ளேயிருந்து அம்மாவின் வலது கையும் அசைந்தது. தம்பி வந்து இறங்கியபோது அவனை முதலில் பார்த்ததும் அம்மாதான். கார்க் கதவு திறக்குமுன்னே "வந்துட்டான், வந்துட்டான்" என்று குரல் கொடுத்தார்.

அதன் பிறகு நான்கு கிறிஸ்துமஸ் வந்துபோயின. நான் சனிக்கிழமைகளில் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்ளப் பழகினேன். விரிசல் விட்ட சலூன் கண்ணாடியில் அப்பா தேங்காய் துருவுவது தெரியும். பேருந்துக் கண்ணாடியில் கொடியில் கிடக்கும் வேட்டி காற்றில் உப்பி எழும்பித் தாழும். பச்சைச் சதுரம் எங்கள் இரண்டு பேர்மேலும் ஊர்ந்து போகும். சில நாள் அப்படியே கண் அயர்ந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. நாகர்கோவில் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பத்துமணிப்பூவுக்குத் தண்ணி அதிகம் ஊத்தாண்டாம், அழுவிப்போவும்" என்றுதான் என்னிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் அமைதியாகப் பிரிந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்துப் பந்தலில் வைத்தோம். அம்மாவை நாற்காலியோடு தூக்கிப்போய் அப்பாவின் முகத்தருகே உட்கார வைத்தோம். நெற்றியில் முத்தம் கொடுத்தார். அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. மீண்டும் கட்டிலுக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹாலில் கூட்டம் நெருக்கியது. மூத்த உறவினர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "ஆளு இடிச்சு ஒடஞ்சிரும் மக்கா. இந்தக் கண்ணாடியக் கழத்திருவோமா?"

"வேண்டாம் மாமா. அதுல மட்டும் ஆரும் கைவைக்காண்டாம்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பிறகு ஸ்டூலைப் போட்டு நான் ஏறினேன். கண்ணாடி படியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பந்தல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"கொஞ்சம் பொக்கு மக்கா... இன்னும் கொஞ்சம்... ரைட்."

ஜெபம் முடிந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் அம்மா கண்ணை எடுக்கவில்லை. "அவரு வாறத எல்லாம் இதுலதான் பாத்தேன். போறதையும் பாத்துட்டேன்" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

துக்கத்தில் எங்களோடு நின்ற சபைப் போதகருக்கும் சபை மக்களுக்கும், அப்பாவோடு வண்டியில் ஓடிய நண்பர்களுக்கும், இன்றுவரை அம்மாவைத் தன் உடன்பிறப்பாகவே பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சித்திக்கும், அப்பாவின் கண்ணாடிகளைச் சாக்கு போட்டு மூடிவைத்த ஆக்கர் கடை அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் இப்போது கருங்கல் வீட்டிலேயே அம்மாவோடு இருக்கிறேன். ஹால் கண்ணாடியைப் பழையபடி படிக்கே சாய்த்துவிட்டேன். பத்துமணிப்பூ அழுகவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எங்கள் வீட்டுக்கு வரும்போது, படியில் செருப்பைக் கழற்றியதும் ஹால் கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை கையை அசையுங்கள். அதில் உங்கள் முகம் தெரியாது. உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவுக்கு நீங்கள் வந்தது தெரிந்திருக்கும்.