அம்மா செருப்பில்லாமல் ஏறிய மலை

"ஐஸ் உருகுறதப் பாக்கவா பிளேன் ஏறிப் போன? என் மீன் பொட்டிய வெயில்ல தொறந்து வைக்கிறேன், இங்கிட்டே ஒக்காந்து பாத்துக்க."

இலுப்பூர் சந்தையில் மீன் விற்கும் என் மாமா, அம்மாவின் அண்ணன், இப்படிச் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மணமேல்குடியிலிருந்து வந்த மீனுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டே அவர் மேலும் சொன்னார்: "படிச்ச வரைக்கும் போதும். வந்து பேங்க் பரிச்ச எழுதுற வழியப் பாரு."

நான் அப்போது ஆஸ்திரியாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறைகள் கோடையில் எவ்வளவு உருகுகின்றன என்று அளப்பது என் படிப்பு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சந்தையில் நாலு பேர் சிரித்தால் வாடிப்போகிற ஆள் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவும் இல்லை, எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. மகள் வெளிநாட்டில் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

முதுகலை முடிந்ததும் அங்கேயே இன்னும் மூன்று வருடம் ஆய்வு செய்ய எனக்கு இடம் கிடைத்தது. அம்மாவைக் கேட்காமலும் சேர்ந்திருக்கலாம். என்னைப் பள்ளியில் சேர்ப்பதற்காக வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டவள் அவள்தான். அவள் வாயால் 'படி' என்று சொல்லாமல் சேர எனக்கு மனம் வரவில்லை. வந்து கண்ணால் பார்க்கட்டும், பிறகு சொல்லட்டும் என்று அந்த ஜூலையில் அவளை ஒரு மாதம் அழைத்து வந்து வைத்துக்கொண்டேன்.

மலைக்குப் போக அவளுக்கு பூட்ஸ் வாங்கினேன். காலில் சிமெண்டு கொட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாள்.

வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில் பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கே பாதை தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு மாதா கோயில். நான் எதிரே குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அம்மா கும்பிட்டுவிட்டு வந்து என் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் புல். கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "நம்ம மாட்டக் கொண்டாந்து இங்கிட்டு விட்டா வீடு திரும்பாதுடி" என்றாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக அவள் பேசிக்கொண்டே ஏறினாள். பூட்ஸ் நன்றாகப் பழகிவிட்டது, நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறோம் என்று எனக்குப் பெருமை.

மேலேயிருந்து இறங்கி வந்த வயதான தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த அம்மாள் ஜெர்மனில் என்னிடம் கேட்டாள்: "உங்கள் அம்மாவுக்குக் கால் வலிக்கவில்லையா?"

திரும்பிப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கீழே வெறும் கால். மெட்டி மின்னியது.

"பூட்ஸ் எங்கம்மா?"

"கீழ கோயில்ல."

"அங்க எதுக்குக் கழட்டுன?"

"எதுக்கா? குடுமியான்மலையில செருப்போடயா ஏறுவ? இங்க அடியில சாமிய வச்சிருக்காங்க, உச்சியில சிலுவைய நட்டிருக்காங்க. நடுவுல நான் தோலு செருப்போட போகணுமாக்கும்!"

"எல்லாரும் பூட்ஸோடதான் போறாங்க, பாரு."

"அவங்களுக்குக் குளுருதுபோல."

அடுத்த வளைவில், கடந்த குளிர்காலத்துப் பனி இன்னும் கரையாமல் பாதையை மறித்துக் கிடந்தது. அதைத் தாண்டினால்தான் நான் அளக்கும் பனிப்பாறையின் ஓரம். அம்மா ஒரு காலை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள்.

"ஆத்தாடி! சித்திர மாசத்துப் பாற மாதிரி சுடுதுடி!"

என் மாற்று சாக்ஸைப் போட்டுப் பார்த்தோம். நாலு எட்டில் நனைந்துவிட்டது. வயலில் நடந்து அகன்ற அவள் பாதம் என் பூட்ஸுக்குள் நுழையவே இல்லை. கீழே போய் எடுத்து வந்தால் கடைசி பஸ் போய்விடும். ஏழு கடல் தாண்டி அழைத்து வந்தவளை இந்த ஒரு பனித்திட்டுக்கு இப்பால் நிறுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா வெயில் விழுந்த ஒரு தட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். "நீ போ ஆத்தா. போயி ஒன் வேலையப் பாரு. நான் இங்கிட்டு இருந்தே பாக்குறேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது."

போனேன். பனிக்கட்டிக்குள் நட்டிருக்கும் குச்சிகள் எவ்வளவு வெளியே நிற்கின்றன என்று டேப் வைத்து அளந்தேன். கட்டியின் அடியிலிருந்து பிறந்து ஓடும் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்தேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்தப் பக்கம் அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள்.

திரும்பி வந்ததும் கேட்டாள். "போன தடவ குச்சி எம்புட்டு வெளிய நின்னுச்சு, இப்ப எம்புட்டுன்னு பாக்குற. அதானே?"

"ஆமா."

"நம்ம கண்மாய் வத்துறப்ப மடைக்கல்லப் பாப்போமே, அப்படி."

"அப்படியேதான்மா."

"இது வத்திட்டா கீழ உள்ள சனம் என்ன பண்ணும்?"

"அதப் பாக்கத்தான் இன்னும் மூணு வருசம் கேக்குறேன்."

அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் கீழே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அடிவாரத்தில் மாதா கோயில் வாசலில் அம்மாவின் பூட்ஸ் வைத்த இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் வரிசையாக இன்னும் மூன்று ஜோடி. உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் மகளும் வெறும் சாக்ஸோடு நின்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பூட்ஸைப் பார்த்து, இங்கே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

"பாத்தியா," என்றாள் அம்மா, பூட்ஸை மாட்டிக்கொண்டே. "வெவரம் தெரிஞ்சவங்களும் இருக்கத்தான் செய்யிறாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாமாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னாள். அவர் முகம் தெரிந்ததும் நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தாள். "யண்ணே, ஒன் பொட்டில உருகுற ஐஸு சந்தச் சாக்கடைக்குத்தான் போவும். இங்க உருகுறது ஆறாப் போவுது. நான் பாத்தேன். எம் மக அத அளக்குறா. இன்னும் மூணு வருசம் படிக்கட்டும்."

"மூணு வருசமா? அதுவரைக்கும் அங்க ஐஸு இருக்குமா?" என்று மாமா சிரித்தார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். எங்கள் துறையில் எல்லோரும் கவலையோடு கேட்கும் கேள்வியும் அதுதான். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

அம்மா ஊர் திரும்பிய பிறகு ஆய்வில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த வாரமே மேலே போய் என் ஆய்வுக்கான முதல் குச்சியை நட்டேன், அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து.