உடைமரத்தடிக் குழி

மல்லாங்கிணற்றுக்குக் கிழக்கே, ஆடு மேய்கிற கரட்டுப் பக்கம், ஜமாஅத்தார் அடக்கம் செய்யும் புது மையவாடி இருக்கிறது. ஊருக்குள் இருந்த பழையது நிறைந்துபோன பிறகு கிடைத்த இடம். அங்கே கபர்க்குழி வெட்டும் ஆள் காதர் பாட்சா. வாரமெல்லாம் விருதுநகர் பருப்பு மண்டியில் மூட்டை தூக்குவார். ஊரில் யாராவது மவுத்தானால் அன்றைக்கு மண்டிக்குப் போகமாட்டார். கடப்பாரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிழக்கே போய்விடுவார்.

அந்த மண்ணைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று வந்ததில்லை. மேலே கரிசல். பருத்தி விளைகிற கரிசல் இல்லை, சரளையும் வெங்கச்சங்கல்லும் பாதிக்குப் பாதி கலந்த களி. கோடையில் குட்டி ஆட்டின் கால் இறங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் உப்பி, வெடிப்பை மூடிக்கொண்டு, செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக ஒட்டும். இப்படி வருசா வருசம் வெடித்து மூடி வெடித்து மூடி உள்ளே கிடக்கும் கல்லை மேலே தள்ளிவிடும். கல் பொறுக்கிப்போட்ட இடத்தில் மறுவருசம் வேறு கல் கிடக்கும். கபரின் தலைமாட்டில் நேராக நட்ட மீசான் கல் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

களிக்கு அடியில் சுக்கான். சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிப்போன வெள்ளைத் தட்டு. கடப்பாரை பட்டால் ணங்கென்று ஓசை வரும், உள்ளங்கை மரத்துப்போகும். மையவாடியைச் சுற்றி வைத்த வேப்பங்கன்றுகள் இடுப்பளவு வளர்ந்ததும் பட்டுப்போயின. அவற்றின் வேர்களை ஒரு குழி வெட்டும்போது காதர் பாட்சா பார்த்தார். கீழே போக வழியில்லாமல், சுக்கான்மேல் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தன. மழைத்தண்ணீருக்கும் அதே கதிதான். களிக்குள் இறங்கிய தண்ணீர் சுக்கானைத் தாண்ட முடியாமல் அதன்மேலேயே நிற்கும். அங்கே ஒரு குழியை வெட்டினால் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் கசிந்து அதற்குள் வந்து சேரும்.

கோடையில் அவருடைய முறை வேறு. ஒரு சாண் வெட்டுவார், குழிக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார், ஈரச்சாக்கை மேலே போட்டு ஊறவிடுவார். ஊறிய சுக்கான் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆனால் மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டு அம்புட்டு நேரம் யார் ஊறவிடுவது? அப்போதெல்லாம் ஆள் மாற்றி ஆள் வெட்டுவார்கள். ஜேசிபி கொண்டுவரலாமே என்று அசலூர்க்காரர்கள் கேட்பார்கள். அது உள்ளே வரவேண்டுமானால் ஏற்கெனவே படுத்திருப்பவர்கள்மேல்தான் ஏறி வரவேண்டும்.

போன கார்த்திகையில் அடைமழையோடு ஒரு கிழவியை அடக்கினார்கள். வாளியால் தண்ணீரை இறைத்து, மணல் கொட்டி, கபன் துணியோடு இறக்கி, பலகைக்கல் மூடுவதற்குள் மணலுக்கு மேலே தண்ணீர் ஏறிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்த காதர் பாட்சா சோற்றில் கை வைக்கவில்லை. அவர் மனைவி ஷரீஃபுன்னிசா துருவித் துருவிக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் தட்டை எடுத்து மூடினாள்.

"என்னய மட்டும் தண்ணியில வச்சுராதீக."

"நீ எதுக்கு இப்பப் போற?"

"சொல்லி வைக்கேன். எனக்குச் சளி ஒத்துக்காதுன்னு தெரியுமில்ல."

அவரும் சிரித்தார். மாசியில் அவளுக்குக் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, அடுத்த மழைக்காலம் தாண்டினால் பெரிய விசயம் என்று சொல்லி அனுப்பினார்கள். மழைக்காலம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அந்தக் கரட்டில் ஒரே ஒரு உடைமரம் மட்டும் குடையாக விரிந்து நின்றது. சுற்றிலும் ஆவாரைகூட முழங்காலைத் தாண்டாத இடத்தில் இது மட்டும் எப்படி இம்புட்டு வளர்ந்தது என்று அவர் யோசித்திருக்கிறார். பங்குனியில் அதன் நிழலோரம் ஆழம் பார்த்தார். அவர் நினைத்தது சரி. அடியில் சுக்கான் விண்டிருந்தது. விரிசல் வடக்கு தெற்காக, கபருக்கென்றே கோடு போட்டதுபோல ஓடியது. மரத்தின் வேர் அது வழியாகத்தான் இறங்கியிருந்தது. வேர் இறங்குகிற இடத்தில் தண்ணீரும் இறங்கிவிடும், நிற்காது.

மண்டியிலிருந்து பொழுதோடு வருகிற நாளெல்லாம் அங்கே போனார். கொஞ்சம் வெட்டுவார், தண்ணீர் ஊற்றுவார், சாக்கைப் போட்டு மூடிவிட்டு வருவார். உயிரோடு இருக்கிறவளுக்குக் குழி வெட்டுகிறோமே என்று கை சில சமயம் நின்றுவிடும். பிறகு அந்தக் கிழவியின் ஞாபகம் வரும், மறுபடியும் ஓங்குவார். யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில் குழி முடிந்தது. மேலே முள்ளை வெட்டிப்போட்டு மூடினார்.

அந்த முள்ளைத் தின்னப்போன ஆட்டுக்குட்டி உள்ளே விழுந்தது. ஆட்டுக்காரி ராக்காயி நேராக வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏ பாயி! மய்யித்து இல்லாம எவனுக்குக் குழி வெட்டி வச்சிருக்கீக? என் குட்டி காலு ஒடிஞ்சு கெடக்கு!"

"கத்தாத. வாரேன்."

"ஏன் கத்தக் கூடாது? உங்க சாதியில ஆட்டுக்கும் கபரு உண்டா?"

கட்டிலில் கிடந்த ஷரீஃபுன்னிசாவுக்கு எல்லாம் கேட்டது. அவர் குட்டியைத் தூக்கி ராக்காயியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்வரை அவள் தூங்கவில்லை. மகள் ருமானா மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத்தானா?" என்றாள் ஷரீஃபுன்னிசா.

அவர் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினார்.

"நீளம் எம்புட்டு விட்டிருக்கீக? உங்க அளவுக்கு வெட்டியிருப்பீக. நான் உங்களவிட ஒசரம். நிக்காஹ் அன்னைக்கே ஊரு பூராம் சிரிச்சுச்சு."

"தெரியும். ஒரு சாண் கூடத்தான் வெட்டியிருக்கேன்."

"தண்ணி நிக்காதுல்ல?"

"நிக்காது."

அன்று ராத்திரி அவள் ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சிவகாசியிலிருந்து காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வந்த ஃபரீத், மழையில் லோடு ஆட்டோ கவிழ்ந்து செத்துப்போனான். நாலு வீடு தள்ளி இருந்த பையன். மய்யித்து ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கு வரும்போதே மதியம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள்.

காதர் பாட்சா வரிசையில் ஒரு குழி வெட்டினார். சுக்கானைத் தொட்டதும் தண்ணீர் வந்தது. மேட்டில் இன்னொன்று வெட்டினார். அங்கேயும் வந்தது. ஃபரீத்தின் தம்பி தவுபிக் இடுப்பளவு குழிக்குள் நின்று வாளியால் இறைத்தான். இறைக்க இறைக்க ஊறியது. சுற்றி நின்ற ஆட்களில் ஒருத்தரும் உடைமரத்துப் பக்கம் பார்க்கவில்லை. ராக்காயி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அங்கே என்ன இருக்கிறது, யாருக்காக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பார்க்காமலேயே நின்றார்கள்.

"இறைச்சா வத்திருமா மாமு?" என்று கேட்டான் தவுபிக். தலையெல்லாம் சேறு.

"வத்தாதுலே."

அவன் மறுபடியும் குனிந்து இறைத்தான்.

காதர் பாட்சா கொஞ்சம் தள்ளிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். ருமானா அம்மாவின் காதில் வைத்தாள். அவர் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை. தண்ணி என்றார், தவுபிக் என்றார், அதோடு நிறுத்திவிட்டார்.

"ஃபரீத் நல்ல வளத்திப் பயலாச்சே" என்றாள் ஷரீஃபுன்னிசா. "அவனுக்குப் பத்துமா?"

"பத்தும்."

"பெறகென்ன கேள்வி? போயி மூடியத் தெறங்க. அவுங்கம்மா இங்கன நெஞ்சுல அடிச்சுக்கிட்டு கெடக்குறா, எனக்குக் கேக்குது."

உடைமரத்தடியில் முள்ளை விலக்கினார்கள். அத்தனை மழைக்கும் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. ஃபரீத் அதில் சரியாகப் படுத்தான்.

ஷரீஃபுன்னிசா மழைக்காலத்தைத் தாண்டிவிட்டாள். தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்தவள் அதைக் குடிக்கவில்லை.

அன்று காதர் பாட்சாவைக் கடப்பாரையைத் தொடவிடவில்லை. "நீங்க உக்காருங்க மாமு" என்று தவுபிக்கும் அவன் கூட்டாளிகளும் ஃபரீத்துக்குப் பக்கத்திலேயே வெட்டினார்கள். விரிசல் ஒரு குழி அகலத்துக்கு மேல் இல்லை. கொஞ்ச நேரத்தில் ணங்கென்று கேட்டது. உட்கார்ந்திருந்தவருக்கு உள்ளங்கை மரத்தது. ஆள் மாற்றி ஆள் உடைத்தார்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரம், குழி காய்ந்துதான் இருந்தது. எல்லாரும் அதைச் சொல்லி ஆறுதல் படுத்தினார்கள். அவரும் தலையாட்டினார். அடுத்த ஐப்பசியைப் பற்றி அவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

பங்குனியில் மறுபடியும் குடத்தோடு போனார். அவள் கபருக்கு மேட்டுப்பக்கம், ரெண்டு முழம் தள்ளி, சுக்கான் தட்டும் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்ட ஆரம்பித்தார். தலைமாட்டைச் சுற்றி, கால்மாட்டைச் சுற்றி, பள்ளத்து ஓடை வரைக்கும் போகவேண்டும். வருகிற தண்ணீரை வழியிலேயே மறித்துத் திருப்பிவிட்டால் கபருக்குள் போகாது என்பது அவர் கணக்கு. ஒரு சாண் வெட்டுவார், ஊற்றுவார், மூடுவார். வயது ஏறியிருந்தது. மூட்டை தூக்கின தோள் கடப்பாரைக்கு ஒத்துழைக்கவில்லை. தவுபிக் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். ராக்காயி மட்டும் ஆடுகளைத் தள்ளியே மேய்த்தாள்.

"என்ன பாயி, பாயம்மாவுக்கு அகழி வெட்டுறீகளா?"

"ஆமா."

"வெட்டுங்க வெட்டுங்க. குட்டி விழுந்தா மட்டும் நான் சும்மா விடமாட்டேன்."

ஐப்பசியின் முதல் பெரிய மழை விடியற்காலையில் பிடித்து மதியம் வரை கொட்டியது. மழை விட்டதும் காதர் பாட்சா குடையை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். களியில் சைக்கிள் உருளாது. பொழுது சாய்கிற நேரத்தில்தான் திரும்பி வந்தார். வாசலில் நின்று செருப்புக்கு அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டினார். அது லேசில் விடவில்லை. ருமானா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினாள்.

"என்ன அத்தா? தண்ணி போச்சா உள்ள?"

"உள்ள பாக்க முடியுமா?" என்றார். இன்னொரு காலை நீட்டினார். "வாய்க்கால்ல ஓடுது. கலங்கலா ஓடுது."

"நிக்கலயே?"

"நிக்கல. ஓடையில போயி விழுகுது."

அவள் மீதித் தண்ணீரையும் ஊற்றினாள். அவர் உள்ளே வந்து, காலியாகக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டார்.