கிணற்றுக்குள் மச்சினன், கரையில் நின்றுபோன மோட்டார்

முருகனடியார்களுக்கு, மேலகரத்தில் பயிர் செய்யும் சம்சாரி ஒருவன் எழுதுவது. என் மச்சினன் சண்முகம் கிணற்றுக்குள் கால் சிக்கிக் கிடந்தான். ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதை இறைக்க வேண்டிய மோட்டார் கரையில் என் கண் முன்னால் நின்று போனது. அன்று இலஞ்சி முருகன் எங்களைக் காப்பாற்றிய விதத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கொஞ்ச காலம் ஒளித்தும் வைத்திருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கொல்லத்துக் காயலில் படகு ஓட்டிக் கழித்த பழைய மோட்டார் ஒன்றைச் செங்கோட்டை வழியாக வண்டியில் கொண்டுவந்து, பம்போடு பூட்டிக் கிணற்றங்கரையில் வைத்திருந்தேன். தலையில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் படபடவென்று ஓடும். எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் மோட்டார் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடு கட்டி இறைக்கிற கமலை இனி எதற்கு என்று அதைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிட்டேன். மோட்டாரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "எனக்குத் தெரியும், நீ போ" என்பேன்.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கிணற்றை ஆழப்படுத்த நாள் பார்த்திருந்தோம். காலையில் டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி மூடி, தேங்காய் உடைத்து, கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் சந்தனம் வைத்தேன். மோட்டாருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். டாங்கி மூடியின் நடு மத்தியில் கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு, அதன் மேல் குங்குமம். பார்க்கவே லட்சணமாக இருந்தது.

சண்முகமும் இரண்டு ஆட்களும் கீழே இறங்கினார்கள். மூன்று ஆள் ஆழம். வெயில் ஏறும் நேரம் பாறை ஒன்று பெயர்ந்து சரிந்து, சண்முகத்தின் வலது காலை முழங்காலுக்குக் கீழே அமுக்கிக்கொண்டது. அது இருந்த இடத்திலிருந்து ஊற்று பீறிட்டது. தண்ணீர் வடிந்தால்தான் பாறைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப முடியும்.

ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தேன். மோட்டார் ஓடியது. தண்ணீர் இறங்கியது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இருமி இருமி நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்ததோ என்று மூடியைத் திறந்தேன். முக்கால் டாங்கி இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், ஓடியது. மறுபடியும் பத்து நிமிஷம், மறுபடியும் நின்றது. நெருப்புப் பொறி தருகிற பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நெருப்பு நீலமாகப் பளிச்சென்று அடித்தது. அப்படியானால் குறை பெட்ரோல் வருகிற வழியில்தான். குழாயைக் கழற்றினேன். நாலு சொட்டு விழுந்து நின்றது. தூசி அடைத்திருக்கும் என்று வாயை வைத்து ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். மாட்டி இழுத்தால் ஓடியது. இந்தத் தடவை ஐந்து நிமிஷம்கூட இல்லை.

"பெட்ரோல்ல மண்ணெண்ணெய கலந்து குடுத்துட்டான் அந்தத் தென்காசிக்காரன்" என்று கத்தினேன். பக்கத்து வயல்காரர்கள் குடத்தாலும் தோண்டியாலும் இறைத்துப் பார்த்தார்கள். ஊற்றோடு போட்டி போட முடியுமா? தண்ணீர் மார்பைத் தொட்டது.

"அத்தான், பதறாதிய. நிதானமாப் பாருங்க" என்று சண்முகம் கீழேயிருந்து சொன்னான். எனக்குத் தைரியம் சொல்லுகிறான், பாருங்கள். கரையில் நின்ற என் மனைவி, அவனுடைய அக்கா, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. மோட்டார் பக்கத்தில் மண்ணில் முட்டி போட்டேன். "முருகா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றேன். என் ஆயுசில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுதேன். நெற்றிக்குத் திருநீறு வேண்டும் போல் இருந்தது. மடியில் இல்லை. மூடியில் வைத்த சந்தனம் வெயிலில் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. அதையே எடுத்துப் பூசிக்கொள்ளலாம் என்று நகத்தால் சுரண்டினேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடி காற்றை உறிஞ்சியது.

அடியார்களே, அந்த மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் மேலேயே பொட்டு வைத்து அடைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தபோதும் குழாயில் ஊதியபோதும் காற்றுப் போனது, அதனால் ஓடியது. அவ்வளவுதான் சங்கதி.

கயிற்றை இழுத்தேன். மோட்டார் அதன் பிறகு நிற்கவே இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் பாறையை நெம்பினார்கள். சண்முகத்தைக் கட்டிலில் வைத்துத் தூக்கினோம். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

ஊரே என் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்தது. நானும் சும்மா இருந்தேன். பெட்ரோல் மோசம் என்ற பேச்சு பரவி, அந்தத் தென்காசிக்காரரிடம் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இலஞ்சிக்குப் போனால் சன்னிதியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆடி மாதம் வரை தாங்கினேன். பிறகு தென்காசிக்குப் போய் அவர் கடை வாசலில், நாலு பேர் கேட்க, குற்றம் என்னுடையது என்று சொன்னேன். "போட்டும் அண்ணாச்சி, வந்து சொன்னியளே" என்று அவர் உட்காரச் சொன்னார்.

சண்முகத்திடம் சொன்னேன். அவன் சிரித்தே விட்டான். மனைவியிடம் சொல்லத்தான் நடுங்கினேன். தம்பியைக் கொல்லப் பார்த்தது என் கைதானே. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் தம்பிய மட்டும் கேக்கல" என்றாள். "அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களும் அந்தக் கெணத்துலயே விழுந்திருவியன்னு தெரியும். ரெண்டு பேரையும் குடு முருகான்னுதான் கேட்டேன்."

நான் ஒருவனுக்காகத்தான் வேண்டினேன். எனக்காகவும் ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தது அன்று வரை எனக்குத் தெரியாது.

இப்போது கிணற்றில் நல்ல தண்ணீர். சண்முகம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாலும் என்னைவிட வேகமாக உழுகிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன், வீட்டில் சண்டையும் குறைந்துவிட்டது. குறை ஒன்றும் இல்லை. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நான் எல்லா வித்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டேன், அப்போதும் வந்தான். நீங்கள் முதலிலேயே கூப்பிடுங்கள்.