மூன்று சைடு பார்த்த எட்டு நாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் சமூகம் என்றால் என்ன என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிற்காலத்தில் நூறு பேருக்கு வேலை கொடுத்தவன் நான். அந்த நூறு பேரை நடத்தும் வித்தை, இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் நான் பட்ட எட்டு நாளில் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் மம்சாபுரத்திலிருந்து நடந்தே போய் அங்கே சேர்ந்தேன். நூல் நூற்கிற இயந்திரமான பிரேமின் ஒரு பக்கத்தைச் சைடு என்போம். ஆளுக்கு இரண்டு சைடு. ஓடுகிற இழை எது அறுந்தாலும் விரலால் ஒட்டிவிட வேண்டும். என்னைப் போல இழை ஒட்ட அந்த மில்லில் ஆள் கிடையாது, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆறே மாதத்தில் மேஸ்திரியிடம் போய், "ஐயா, நான் மூணு சைடு பாப்பேன்" என்றேன். அவர் மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாரு" என்றார்.

மறுநாளிலிருந்து ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளி ஆளுக்கு இதன் கனம் புரியாது. அந்த இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. கையும் கண்ணும்தான் பேச்சு. தண்ணீர் குடிக்கப் போவதென்றால் எதிர்ப் பிரேம்காரரிடம் கட்டை விரலை வாயருகே காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் நம் இழையைப் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். நான் காட்டிய விரல் காட்டியபடியே நின்றது. தெலுங்கு பேசுகிறவர்கள், வேதக்காரக் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், எங்கள் பக்கத்து உழவுச் சம்சாரிகள் என்று பல தினுசான ஆட்கள். வெளியே ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காதவர்கள். அத்தனை பேரும் ஒரே ஆள் போலத் திரும்பிக்கொண்டார்கள்.

வீம்பாக நின்றேன். எட்டாம் நாள் ஒன்றுக்கு அடக்க முடியாமல் ஓடினேன். வந்து பார்த்தால் ஒரு வரிசை இழை முழுக்க அறுந்து, பஞ்சு உருளையில் சுற்றிக் கிடந்தது. மேஸ்திரி என்னைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போய், "இன்னொரு தடவ இப்படிக் கண்டேன், சீட்டக் கிழிச்சுருவேன்" என்றார். என் வேலையை நம்பி வீட்டில் ஐந்து வயிறு.

வேலை முடியும் சங்கு ஊதியதும் வாசலில் எதிர்ப் பிரேம்காரரைப் பிடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என்னைவிட மூத்தவர்.

"அண்ணாச்சி, என்னைய ஒதுக்கணும்னு எங்க கூடிப் பேசுனீக?"

"ஏலே மம்சாபுரம், கூடிப் பேச எவனுக்கு நேரம் இருக்கு? சோத்துக்கு ஓடவே சரியாருக்கு."

"அப்ப யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. நீ மூணு பாத்தா நாளைக்கு எல்லாரையும் மூணு பாக்கச் சொல்லுவாக. பொறவு மூணு பேர்ல ஒருத்தன் வீட்டுக்குப் போவான். இத வேற ஓலையில எழுதி அனுப்பணுமாக்கும்?"

பின்னால் வந்த ஒருவர், "விடுங்க அண்ணாச்சி, அவருக்கு நாலு கை. கோயில் கட்டிக் கும்புட்டுருவோம்" என்றார். வாசலே சிரித்தது.

எனக்கு உடம்பு புல்லரித்தது, அவமானத்தில் அல்ல. சர்க்கார் சட்டத்துக்குக் காகிதம் வேண்டும், போலீஸ் வேண்டும். இதற்கு எழுத்து இல்லை, தலைவன் இல்லை, ஒரு வார்த்தை கூட இல்லை. என்றாலும் அத்தனை பேரும் ஒன்றாக நின்றார்கள். இதற்குக் கல்லூரியில் ஏதேதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். நான் அதை எதிரே நின்று பார்த்தவன். மலையைப் பார்ப்பது போல இருந்தது.

மறுநாள் மேஸ்திரியிடம், "மூணு என்னால முடியலைங்கய்யா" என்றேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் முழுப் பொய்.

மத்தியானம் எதிர்ப் பிரேம்காரர் ஏறிட்டுப் பார்த்தார். விரலைக் காட்டினேன். தலையாட்டினார். தண்ணீர்ப் பானையடியில் செத்த நேரம் கூடுதலாகவே நின்று, வயிறு நிறையக் குடித்தேன். திரும்பி வந்தபோது ஓர் இழை கூட அறுந்து கிடக்கவில்லை.