எடைக்குப் போன சோறு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித்தான் என் மாட்டுக்கொட்டகை. ஒரே ஒரு பசு. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் அதற்கு அகத்திக்கீரை ஊட்டிப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அதன் வயிற்றை நிரப்பியது ஓட்டல்களிலும் அன்னதானப் பந்தல்களிலும் மிஞ்சிய சோறும் வடிகஞ்சியும்தான். தவிட்டில் கலந்து வைப்பேன். அதன் பாலை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது.

பிறகு எரிவாயுத் தொட்டி வந்தது. மிச்சச் சோற்றிலிருந்து கேஸ், கேஸிலிருந்து கரண்ட் என்று போர்டு வைத்தார்கள். நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் அள்ளிப்போகிற ஒப்பந்தக்காரருக்கு எடைக்குத்தான் கூலி. கேஸ் வந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குப் பக்கெட்டோடு பந்தலுக்குப் போனேன். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் நீல டிரம்முக்குக் காவல் நின்றான்.

"ஒரு பக்கெட்டு குடு தம்பி. மாடு வெறும் வைக்கோல மென்னுட்டு நிக்குது."

"எடை கம்மியாயிடும்க்கா. ஓனர் என்னைத்தான் கேப்பாரு."

சொல்லிவிட்டு, என் கண்ணெதிரே டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயை விட்டான்.

"தண்ணியதான் ஊத்துறியே, எனக்குக் குடுக்குற பக்கெட்டு எடைக்கும் சேத்து ஊத்திக்கயேன்."

"சோறும் வேணும், தண்ணியும் வேணும்க்கா" என்று சிரித்தான். இன்னொரு கரண்டி கேட்டு வந்த சாமியாரையும் விரட்டினான்.

பசுவுக்கு விலா தெரிந்தது. பால் வற்றியது. வற்றிய மாட்டை வளர்க்க யார் வாங்குவார்கள்? அடிமாட்டுக்குத்தான் கேட்டார்கள். லாரியில் ஏற மறுத்தது. பக்கெட்டைக் காட்டினேன், ஏறிவிட்டது. காலிப் பக்கெட்டு. பாவி நான், வேறென்ன செய்வேன்.

தண்ணீரும் சோறுமாகக் குடித்த தொட்டி புளித்துப்போய் கேஸ் விடுவதை நிறுத்தியது. மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும் அதே சூப்பர்வைசர் டிரம்மோடு என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, சாணி வேணும். கரைச்சு ஊத்துனாதான் தொட்டி திரும்ப வேலை செய்யுமாம்."

வெறும் முளைக்குச்சியைக் காட்டினேன். "அடிமாட்டுக்குப் போயிடுச்சுடா."

அவன் முகம் வாடிவிட்டது. "அடடா, ஏங்க்கா அவசரப்பட்டீங்க? இப்ப சாணிக்கும் எடை போட்டு காசு குடுக்குறாங்களே. மாட்டுக்கு ஒரு பக்கெட்டு சோறு நானே போட்டிருப்பேனே!"

மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னான். எனக்கு அவன் தலையை அந்த டிரம்முக்குள் முக்கவேண்டும் போலிருந்தது.